வீட்டுக்குப் புதுச் சட்டை, வாடகைக்கு யார் பொறுப்பு?

சுவருக்கு வெப்பக்காப்பு, ஜன்னலுக்குப் புதிய கண்ணாடி, கூரைக்குப் புதிய உறை. எரிசக்தியை மிச்சப்படுத்தும் இத்தகைய வேலைகளை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் வேலை முடிந்த கையோடு வாடகையும் ஏறினால், ஓய்வூதியத்தை நம்பி அதே வீட்டில் பல்லாண்டுகளாக வாழும் முதியவர் எங்கே போவார்? மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாடகை வீட்டில் வசிக்கும் ஜெர்மனியில் இது அன்றாடப் பிரச்சினையாகும்.

அந்நாட்டுச் சட்டம் முதலில் வலியுறுத்துவது முன்னறிவிப்பு. மாடிப்படியில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதாது. வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே, என்ன வேலை, எப்போது தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும், வாடகை எவ்வளவு கூடும் என்பதையெல்லாம் வீட்டு உரிமையாளர் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும்.

முறையான அறிவிப்பு வந்தபின், வேலைக்குக் குடியிருப்பவர் பொதுவாக இடம் கொடுத்தே ஆகவேண்டும். எனினும் நோய், முதுமை போன்ற காரணங்களால் கடும் துன்பம் நேருமானால் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பு கிடைத்த மாதத்திற்கு அடுத்த மாத இறுதிதான் அதற்குக் கெடு. மார்ச் 10ஆம் தேதி கடிதம் வந்தால், ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். கூடும் வாடகையைக் கட்ட இயலாது என்பதையும் இதே கெடுவுக்குள் தெரிவிப்பது அவசியம். பணக்கஷ்டம் வேலையைத் தடுக்காது. ஆனால் வாடகை உயர்வைத் தடுக்கக்கூடும். வேண்டாமென்று வீட்டைக் காலி செய்ய நினைப்பவருக்கும் அதே கெடுவுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் சிறப்பு உரிமை உண்டு.

வேலை நடக்கும்போது தூசியும் இரைச்சலும் தவிர்க்க முடியாதவை. வழக்கமாக இப்படிப்பட்ட இடையூறுக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் 2013இல் வந்த திருத்தத்தின்படி, எரிசக்தி சேமிப்பு வேலையென்றால் முதல் 3 மாதங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வீடு குடியிருக்கவே முடியாத நிலைக்குப் போனால் மட்டுமே விதிவிலக்கு.

இனி, வாடகைக் கணக்கு. புதுப்பிப்புச் செலவில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டை வாடகையில் சேர்க்கலாம். 2018 வரை இது 11 விழுக்காடாக இருந்தது. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 20,000 யூரோ செலவானதாக வைத்துக்கொள்வோம். அதில் 8,000 யூரோ, எப்படியும் செய்திருக்க வேண்டிய பழுதுபார்ப்பின் பங்கு என்றால் அதைக் கழித்துவிட வேண்டும். மீதி 12,000 யூரோவுக்கு 8 விழுக்காடு 960 யூரோ. அதாவது மாதம் 80 யூரோ. அரசாங்க மானியம் கிடைத்திருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மேலும், 6 ஆண்டுகளில் சதுர மீட்டருக்கு மாதம் 3 யூரோவுக்கு மேல் உயர்த்த முடியாது. பழைய வாடகை சதுர மீட்டருக்கு 7 யூரோவுக்கும் குறைவாக இருந்தால் உச்சவரம்பு 2 யூரோதான். வெப்பமூட்டும் சாதனத்தை மாற்றுவதற்கு 2024இல் தனி விதி ஒன்றும் சேர்க்கப்பட்டது.

வெப்பச் செலவில் மாதம் 30 யூரோ மிச்சமாகி, வாடகை 80 யூரோ கூடினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். ஆண்டுக்கு 8 விழுக்காடு என்றால் பன்னிரண்டரை ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். ஏறிய வாடகையோ அதன்பிறகும் இறங்குவதில்லை. குடியிருப்போரின் நீண்டநாள் மனக்குறை இதுவே.

ஆகவே கடிதம் வந்த தேதியைக் குறித்துவைப்பதும், பழுதுபார்ப்புச் செலவு கழிக்கப்பட்டதா என்று ரசீதுகளைக் கேட்டுப் பார்ப்பதும், கெடு முடியுமுன் வாடகைதாரர் சங்கத்தின் ஆலோசனையை நாடுவதும் நல்லது. உரிமை சட்டத்தில் இருந்தாலும், நாள் தவறியவருக்கு அது கைகொடுப்பது அரிது.