குனிந்து வரும் வானொலி

பிளேன்ரீ ஊற்றி வைத்திருக்கிறேன். ஆறுவதற்குள் வாசலில் நிற்கும் அந்த ஹொண்டா வெசெலுக்குள் எட்டிப் பார்ப்போம். 2013 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வகை. அங்கே யாரோ ஓட்டி, கப்பலேறி, இன்று மன்னார்ப் பாலம் தாண்டிப் பேசாலைக்குப் போய் வருகிறது. ஜப்பான்காரரும் நம்மைப் போல வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். ஸ்டியரிங், சீற், ஏசி எல்லாம் நமக்குத் தைத்ததுபோல் பொருந்தும். அடம்பிடிப்பது நடுவில் இருக்கிற திரை மட்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது. பழைய வெசெலைப் பேணி வைத்திருந்தவரும் புதிதாக டொயோட்டா ரைஸ் எடுத்தவரும் சொல்கிற குறை ஒன்றுதான்: "ரேடியோ இழுக்குதில்லை."

அதே திரையின் வரைபடத்தில் தலைமன்னார் இல்லாதது சுலபமாக விளங்கும். செய்மதி இங்கேயும் இடத்தைச் சொல்லத்தான் செய்கிறது. செற்றுக்குள் ஜப்பான் படம் மட்டும் இருந்தால் புள்ளியை எங்கே வைப்பது? ரேடியோவின் கதைதான் ருசியானது.

எப்.எம் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 100 என்றால் அதன் அலை செக்கனுக்குப் பத்துக் கோடி தரம் அசைகிறது. இலங்கையில் இந்த எண்கள் 88 முதல் 108 வரை. ஜப்பானில் முன்பு 76 முதல் 90 வரை. 90க்கு மேலுள்ள இடத்தை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் பிடித்திருந்தன. 2011, 2012இல் அந்தப் பழைய ஒளிபரப்பை நிறுத்திய பிறகுதான் வானொலிக்கு 95 வரை வழி விட்டார்கள்.

ஆக, பழைய செற்றுக்கு 90க்கு மேல் உலகமே இல்லை. அடியில் இருக்கிற ஒன்றிரண்டு நிலையம் தெளிவாகக் கேட்கும். மற்றவை வராவிட்டால் 'சிக்னல் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோம். மன்னாரில் இந்த முடிவுக்குத் துணையும் உண்டு. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கடல்காற்று வாகான இரவில் இந்திய நிலையங்களும் வந்து கலக்கும். எல்லாப் பழியும் காற்றின் தலையில்.

கராஜில் தீப்பெட்டியளவில் ஒரு சாமான் பூட்டித் தருவார்கள். எக்ஸ்பாண்டர். அன்ரனா வயருக்கும் செற்றுக்கும் இடையில் செருகுவது. இதைத்தான் எல்லோரும் 'சிக்னல் கூட்டுற பெட்டி' என்கிறோம். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் நம்பியிருந்தேன். அதன் முக்கிய வேலை கூட்டல் இல்லை, கழித்தல்.

பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு படகு எஞ்சின்களின் சத்தம் சேரும்போது, மூன்றாவதாக ஒரு மெதுவான தாளம் எழுவதைக் கரையில் நின்று கேட்டிருப்போம். பெட்டிக்குள்ளும் ஏறக்குறைய அதுதான். உள்ளே ஒரு பளிங்குத் துண்டு, ஓர் எண்ணை விட்டு அசையாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. 16 என்று வைப்போம். வருகிற அலையும் இதுவும் கலக்க, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாக ஒரு புது அலை பிறக்கிறது. 100.5 உள்ளே போனால் 84.5 வெளியே வரும். பாட்டு மாறுவதில்லை, குரல் மாறுவதில்லை. ஓலை வீட்டுக் குசினி வாசலில் உயரமான ஆள் குனிந்து நுழைகிற மாதிரி. ஆள் அதே ஆள்தான்.

ஆனால் எல்லோரும் ஒரே அளவுதான் குனிவார்கள். 16 கழித்தால் 92 முதல் 106 வரையுள்ளவை பழைய செற்றுக்குள் நுழையும். 107 வந்தால் 91 ஆகி நிலையில் தலை இடிக்கும். 18 கழிக்கிற பெட்டியில் 94 முதல் 108 வரை கிடைக்கும், கீழே உள்ளவை போய்விடும். வாங்கும்போது 'எவ்வளவு பவர்' என்று கேட்டுப் பயனில்லை; எத்தனை கழிக்கும் என்று கேட்டு, வீட்டில் எந்த நிலையம் ஓடும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். உப்புக்காற்றில் அன்ரனாவின் அடி துருப்பிடித்திருந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

செற்றையே கழற்றிவிட்டு அன்ட்ரொயிட் திரை போடுவோரும் உண்டு. அதிலும் ஒரு வில்லங்கம்: ஜப்பான் டொயோட்டாக்கள் பலவற்றில் செற்றின் வாய் 200 மில்லிமீட்டர் அகலம், பொது அளவோ 180. சட்டம் போட்டு மூடாவிட்டால் இரு பக்கமும் ஒரு சென்றிமீட்டர் இடைவெளி. மன்னார் மணலுக்கு அது தாராளம்.

வாசலில் நிற்கிற வெசெல்காரர் செற்றை மாற்றவில்லை. டாஷ்போர்டில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி 16 என்று எழுதியிருக்கிறார். அறிவிப்பாளர் எண்ணைச் சொன்னதும் பின் சீற்றில் இருக்கிற மகள் கழித்துச் சொல்லிவிடுவாள். தசமத்தில் மட்டும் சிலவேளை சறுக்கும்.