புல்மோட்டை மணலும் மின்வாகன வர்த்தகப் போட்டியும்

1

மோட்டார் வாகனத்தைப் பற்றி எழுதுவது தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழுக்கு உரிய பணியா என்ற வினா எழக்கூடும். பட்டினப்பாலையைப் பயின்றோர்க்கு இவ்வினா எழ வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்களையும், அவற்றுள் ஒன்றாக ஈழத்திலிருந்து சென்ற உணவுப் பொருளையும், பண்டங்களின் மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறித்த சுங்க அலுவலரையும் அந்நூல் விரித்துரைக்கின்றது. எப்பண்டம் எங்கிருந்து வருகின்றது, எது எத்திசைக்குச் செல்கின்றது, இடையில் யாருடைய முத்திரை விழுகின்றது என்பன ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய முனைவோர் தவிர்க்க முடியாத வினாக்களாகும். இக்கட்டுரையில் அவ்வினாக்களையே திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து எழுப்புகின்றோம்.

மின்சார வாகனம் பற்றி நம்மிடையே நிலவும் பேச்சு பெரும்பாலும் இருவகைப்பட்டது. சூழல் மாசினைத் தீர்க்க வந்த தொழில்நுட்பமாக அதனைப் போற்றுவது ஒன்று. விலை, தீர்வை, மின்னேற்றும் வசதி என்பவற்றோடு நின்றுவிடும் கொள்வனவாளர் நோக்கு மற்றையது. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயின் இரண்டிலும் உற்பத்தி உறவுகள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. வாகனத்தை இயக்கும் சக்தி மாறும்போது உலகத் தொழிற்பிரிவினையும் உடன் மாறுமா? மாறுமெனின் எவ்வாறு, யாருக்குச் சார்பாக? இவையே நாம் ஆராய விரும்புவன.

2

எரிபொருள் மாற்றம் ஒன்றின் விளைவைத் திருகோணமலை ஏற்கெனவே அனுபவித்துள்ளது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்ற புகழ் இதற்கு நெடுங்காலமாக உண்டு. எனினும் இயற்கை மட்டும் ஒரு துறைமுகத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. முதலாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. அதன் தொடர் விளைவாகவே சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குதமொன்று அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ பத்து இலட்சம் தொன்.

1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஆயினும் இக்குதங்கள் இத்தீவின் உள்நாட்டு விவகாரமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1987 ஜூலை 29ஆந் திகதிய இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இவற்றைச் சீரமைக்கும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகக் குறிக்கப்பட்டது. 2003இல் இவை இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்துக்குக் குத்தகையாயின. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட புதிய ஏற்பாட்டின்படி 14 குதங்கள் அந்நிறுவனத்திடமும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் விடப்பட, எஞ்சிய 61 குதங்கள் இலங்கைக்கு 51 வீதமும் இந்திய நிறுவனத்துக்கு 49 வீதமும் பங்குடைய கூட்டுக் கம்பனியொன்றிடம் சென்றன. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடொன்றில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையோடு கையொப்பமிட்டன. உலகெங்கும் வாகனங்கள் எண்ணெயிலிருந்து விலகத் தொடங்கிய காலத்திலேயே இக்குதங்களுக்கான போட்டி புத்துயிர் பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. புதிய சக்தி பழையதை ஒரே நாளில் அகற்றுவதில்லை. இரண்டும் நெடுங்காலம் அருகருகே இருந்து, ஒரே நிலத்தின் மீது உரிமை கோருகின்றன.

3

இனி உலகச் சந்தையை நோக்குவோம். சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணிப்பின்படி 2024இல் உலகில் விற்பனையான மின்சாரக் கார்கள் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் அதிகம். இவற்றுள் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை சீனாவிலேயே விற்கப்பட்டன. 2023இல் சீனா யப்பானை விஞ்சி உலகின் முதன்மையான வாகன ஏற்றுமதி நாடாயிற்று. ஷென்ஷென் நகரில் 1995இல் பற்றரி செய்யும் தொழிலகமாகத் தோன்றி, 2003இல் கார் உற்பத்தியில் இறங்கிய பீ.வை.டி. நிறுவனம், 2023இன் இறுதிக் காலாண்டில் முழு மின்சாரக் கார் விற்பனையில் அமெரிக்காவின் டெஸ்லாவை முந்தியது. பற்றரியில் தொடங்கியவர் காரைக் கைப்பற்றியமை தற்செயலன்று. மின்வாகனத்தின் பெறுமதியில் பெரும் பங்கு பற்றரியிலேயே அடங்கியுள்ளது. நூறாண்டாக எந்திரம் அமைப்பதில் ஐரோப்பிய, அமெரிக்க, யப்பானிய நிறுவனங்கள் திரட்டி வைத்திருந்த தனித்திறன் இதனால் மதிப்பிழந்தது.

தடையற்ற வர்த்தகத்தை ஏனைய நாடுகளுக்குப் போதித்தவர்கள் இந்நிலையில் தீர்வைச் சுவர்களை எழுப்பினர். ஐக்கிய அமெரிக்கா 2024இல் சீன மின்வாகனங்கள் மீதான தீர்வையை 100 வீதமாக்கியது. கனடாவும் அவ்வாண்டிலேயே அதனைப் பின்பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் அரச மானியத்தைக் காரணங்காட்டி, 2024 ஒக்டோபர் இறுதியில் வழமையான 10 வீதத்துக்கு மேலதிகமாகப் பீ.வை.டி.க்கு 17 வீதமும் ஜீலிக்கு 18.8 வீதமும் சாயிக் நிறுவனத்துக்கு 35.3 வீதமும் விதித்தது. இவ்வாக்கெடுப்பில் ஜேர்மனி எதிர்த்து வாக்களித்தது. சீனாவில் முதலிட்டு அங்கிருந்தே ஐரோப்பாவுக்கும் கார்களை அனுப்பும் நிறுவனங்களை உடையது ஜேர்மனி என்பதை நினைவிற்கொண்டால் இம்முரண்பாடு விளங்கும். மூலதனத்தின் நலன் தேச எல்லையோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

தீர்வைச் சுவரை மூலதனம் கடக்கும் வழி சுவருக்கு உட்புறம் ஆலை அமைப்பதாகும். பிறேசிலின் கமசாரியில் ஃபோர்டு 2021இல் கைவிட்ட ஆலைக்குரிய இடத்தில் பீ.வை.டி. தன் ஆலையை நிறுவத் தொடங்கியது. 2024 டிசெம்பரில் அக்கட்டுமானத் தலத்தில் ஒப்பந்தகாரரிடம் பணிபுரிந்த 163 சீனத் தொழிலாளரை அடிமை நிலைக்கு ஒப்பான சூழலிலிருந்து மீட்டதாகப் பிறேசில் அதிகாரிகள் அறிவித்தனர். நமக்கு அண்மையில், மன்னார்க் கடலுக்கு அப்பால் தூத்துக்குடியில், 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்வாகன ஆலையைத் திறந்தது. பெருஞ் சந்தையை உடைய நாடு தீர்வையைக் காட்டி ஆலையை வரவழைக்க முடிகின்றது. அவ்வாலையில் உழைப்பவரின் நிலை என்னவென்பது வேறு வினா. அதனைத் தீர்வை தீர்ப்பதில்லை.

இலங்கையின் நிலை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்ததையும் கடந்து, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மின்வாகனங்களுக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாற்று அளவைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. இங்கு பாகங்களைப் பொருத்தும் சில ஆலைகள் உள்ளனவெனினும், பாதுகாக்கப்பட வேண்டிய பெருங் கார்த் தொழிலெதுவும் இல்லை. எனவே வாஷிங்டனில் தீர்வை என்பது போட்டியாளரைத் தடுக்கும் ஆயுதம். கொழும்பில் அது கடனில் மூழ்கிய அரசின் வருமானம். சொல் ஒன்றே, அதன் வர்க்கப் பொருளும் உலகப் பொருளும் வேறு.

4

இலங்கை வாகனத்தைப் பெறும் திசையைக் கண்டோம். அது எதனைக் கொடுக்கின்றது என்பதை அறியத் திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்று புல்மோட்டைக் கடற்கரையை அடைய வேண்டும். அங்குள்ள கருமணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற்று. எஞ்சியதில் உரூத்தைல், சிர்க்கன் என்பன உண்டு. ஒரு வீதத்துக்கும் குறைந்த அளவில் மொனசைற்றும் உண்டு. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் இதற்கென அமைக்கப்பட்டது. பின்னர் அது அரசுக்குச் சொந்தமான கம்பனியாயிற்று. போர்க் காலத்தில் இத்தொழில் பலமுறை தடைப்பட்டது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலே தாக்குதலுக்கு உள்ளாயிற்று.

இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு வெண்ணிறப் பூச்சுகளின் மூலப்பொருள். கார்களின் பூச்சிலும் அது சேர்கின்றது. மொனசைற்றின் முக்கியத்துவம் வேறுவகையானது. இலந்தனம், சீரியம், நியோடிமியம் முதலிய அருமண் மூலகங்கள் அதிலே அடங்கியுள்ளன. பெயருக்கு மாறாக இவை புவியில் அத்துணை அரியவையல்ல. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுப்பதே அரிது. மின்வாகன மோட்டார்களுட் பெரும்பாலானவை நியோடிமியம், இரும்பு, போரன் சேர்ந்த நிலைக்காந்தத்தைக் கொண்டே சுழல்கின்றன. வாகனமொன்றுக்கு ஓரிரு கிலோகிராம் காந்தம் போதும். காந்தமின்றி இயங்கும் மோட்டார்களும் உள. எனினும் அவை சிறுபான்மை.

இந்த ஓரிரு கிலோகிராமின் வலிமை 2025இல் வெளிப்பட்டது. அமெரிக்கத் தீர்வைக்கு எதிராக அவ்வாண்டு ஏப்ரலில் சீனா ஏழு அருமண் மூலகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. காந்தம் வெப்பத்தைத் தாங்கச் சேர்க்கப்படும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் அவற்றுள் அடங்கும். மே மாதத்தில் சிக்காகோவிலுள்ள ஃபோர்டு ஆலை ஒரு வாரம் நின்றது. உலகில் அருமண் மூலகங்களைச் சுத்திகரிப்பதிலும் காந்தம் செய்வதிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவிடம் உள்ளது. 1980கள் வரை இத்துறையில் முதன்மை பெற்றிருந்தது கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். ஆகவே இது மண்ணின் வரமன்று. அரச திட்டம், மலிந்த உழைப்பு, சூழலழிவைப் பொறுத்துக்கொண்ட கொள்கை, பல்லாண்டு சேர்ந்த தொழில்நுட்ப அறிவு ஆகியவற்றின் விளைவு. இலங்கையில் மொனசைற்று உண்டு. அதிலிருந்து அருமண் மூலகங்களைப் பிரிக்கும் ஆலை இல்லை.

5

தமிழ்ப் பிரதேசத்துக் கடற்கரை மணல் உலகத் தொழில்நுட்ப மாற்றமொன்றில் இழுக்கப்படுவது இது முதன்முறையன்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜேர்மானிய இரசாயனவியலாளர் ஆராய்ந்து, மொனசைற்று இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகளின் மண்டிலுக்கு மொனசைற்றிலுள்ள தோரியம் தேவைப்பட்டது. மணல் கப்பலேறியது, வெளிச்சம் பேர்லினிலும் இலண்டனிலும் எரிந்தது. அதே காலப்பகுதியில் இலங்கையின் கனிமவியல் அளவைக்குத் தலைமை தாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. தோரியனைற்று என்ற கனிமம் 1904இல் உலகுக்கு அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு. கைவினைஞரின் வீழ்ச்சியைக் குறித்துப் பின்னாளில் எழுதிய அறிஞர், இத்தீவின் கனிமங்களைக் குடியேற்ற அரசுக்காகக் கணக்கெடுக்கும் பணியிலிருந்தே அங்கு வந்தடைந்தார் என்பது நம் ஆய்வாளர் போதியளவு கவனிக்காத செய்தி.

சுதந்திர இந்தியா 1950இல் இந்திய அருமண் நிறுவனத்தை அமைத்து, மொனசைற்றை அரச கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. ஆயினும் காந்தத் தொழில் அங்கும் வளராமையால், பிரித்தெடுத்த மூலகங்கள் யப்பானுக்கே சென்றன. 2025இல் அவ்வேற்றுமதியை நிறுத்தி உள்நாட்டுத் தேவைக்கு வைத்துக்கொள்ளுமாறு இந்திய அரசு அந்நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அரசுடைமை ஒரு முன்னேற்றமே. ஆயின் உற்பத்திச் சங்கிலியின் முதற் கண்ணியை மட்டும் அரசுடைமையாக்குவது போதாதென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

6

அப்படியாயின் மணலை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்வதே தீர்வாகுமா? இந்தோனேசியாவின் அனுபவத்தை நோக்கலாம். பற்றரிக்கு வேண்டிய நிக்கலின் தாதுவை ஏற்றுமதி செய்வதை அந்நாடு 2020 ஜனவரியில் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைப்பாட்டின் பேரில் உலக வர்த்தக அமைப்பின் குழு 2022இல் இத்தடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தாதுவை விற்பாயாக, ஆனால் உருக்காதே என்பதே அத்தீர்ப்பின் நடைமுறைப் பொருள். இந்தோனேசியா மேன்முறையீடு செய்து தடையைத் தொடர்ந்தது, உருக்காலைகளும் எழுந்தன. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை சீன மூலதனத்துக்குரியவை. நிலக்கரி மின்சாரத்தில் இயங்குபவை. 2023 டிசெம்பரில் மொறோவாலி உருக்காலையொன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர் மாண்டனர். தடை பயனற்றதென்று நாம் கூறவில்லை. தடை ஒரு நாட்டின் பேரம் பேசும் ஆற்றலைக் கூட்டும். தொழிலாளியின் நிலையை அது தானாக உயர்த்தாது.

புல்மோட்டையைப் பொறுத்தவரை மேலும் இரு சிக்கல்கள் உண்டு. இங்குள்ள மொனசைற்றின் அளவு சிறிது. தனித்தொரு நாட்டுக்கு முழுமையான காந்தத் தொழிலை அது தாங்காது. மொனசைற்றைப் பிரிக்கும்போது கதிரியக்கமுள்ள தோரியக் கழிவும் எஞ்சும். அக்கழிவு எங்கே வைக்கப்படும், யாருடைய கிணற்றருகே என்ற வினாவுக்கு விடையின்றி ஆலையை மட்டும் கோருவது முற்போக்கான நிலைப்பாடாகாது. எனவே குறைந்தது இல்மனைற்றையாவது இங்கேயே பதப்படுத்துவது, அருமண் மூலகங்கள் குறித்து அயல்நாடுகளோடு மணலுக்குப் பதிலாக அறிவையும் பங்கையும் கேட்டுப் பேரம் பேசுவது, ஒப்பந்தங்களைப் பிரதேச மக்கள் வாசிக்கத்தக்க மொழிகளில் வெளியிடுவது ஆகியன உடனடிக் கோரிக்கைகளாக அமையலாம்.

இறுதியாக மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மின்வாகனம் வேண்டும் மின்சாரமும் நிலத்திலிருந்தே வருகின்றது. சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கான பணி தொடக்கிவைக்கப்பட்டது. நிலக்கரி போய்ச் சூரியன் வந்தமை வரவேற்கத்தக்கது. அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள் தாம் பயிரிட்டுவந்த வயல்கள் சூரிய மின்திட்டங்களுக்கு வழங்கப்படுவதை எதிர்த்து வீதிக்கு வந்தனர். அவர்கள் சூரிய சக்தியின் எதிரிகளல்லர். தூய சக்தி என்ற பெயரால் தம் நிலம் பறிபோவதையே எதிர்த்தனர். இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நிலத்தைக் குறித்து ஒருவரையொருவர் ஐயுறுமாறு வரலாறு பழக்கியுள்ளது. குதமும் மணலும் வயலும் ஒரே உலகச் சந்தையின் கணக்கில் எழுதப்படுவதை மூவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்குவதே இன்றைய அரசியல் தேவை என நாம் கருதுகின்றோம். மோட்டார் மாறுவதைப் பொறியியலாளர் செய்துமுடிப்பர். மணல் எந்த நிபந்தனையில் கப்பலேறுகின்றது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைப் புல்மோட்டைத் தொழிலாளியும் கரையோர மீனவரும் முத்துநகர் விவசாயியும் போராடியே பெறவேண்டும்.