பேட்டரியும் கன்ட்ரோலரும்

திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை போய்ச் சரக்கெடுக்கும் சிறுகடைக்காரர்கள், சைக்கிளில் மோட்டார் பொருத்தலாமா என்கிறார்கள். பொருத்தலாம். பேட்டரியும் கன்ட்ரோலரும் ஒத்துப்போக வேண்டும்.

வோல்ட் ஒன்றாயிருக்கட்டும்: 36 வோல்ட் பேட்டரிக்கு 36 வோல்ட் கன்ட்ரோலர். அந்த லித்தியம் பேட்டரி முழுதும் ஏறினால் 42 வோல்ட் காட்டும். கோளாறென்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

ஏமாறுவது ஆம்பியரில்தான். கன்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்குமானால், பேட்டரி தொடர்ந்து 20 ஆம்பியராவது தரவல்லதாக இருப்பது நல்லது. குறைந்தால், அரிசி மூட்டையோடு மேடு ஏறுகையில் பேட்டரிக்குள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்ற காப்புப் பலகை மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வண்டி நடுரோட்டில் நிற்கும். பலகை மட்டமானதென்றால் துண்டிக்காமல் பேட்டரி சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். எண்ணெய் டின், சாக்கு அருகே சார்ஜ் போடவே கூடாது.

சில நொடிகளுக்கே தாங்கும் உச்ச அளவைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. 'தொடர்ந்து எத்தனை ஆம்பியர்?' என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.