கடற்பாசி போடும் கட்டு

"முழங்காலில் சிராய்ப்பா? கட்டுப் போடாதே, காற்றுப் பட்டுக் காயட்டும்!" என்று வீட்டிலே பெரியவர்கள் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது சரிதானா?

1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற விஞ்ஞானி, பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கிப் பார்த்தார். சிலவற்றைக் காற்றுப் பட விட்டார். சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். ஈரம் காயாமல் மூடியிருந்த ரணத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது! காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியே வழி தேடித்தான் தோலின் உயிரணுக்கள் நகரவேண்டும். ஈரப் பரப்பிலோ அந்தத் தடை இல்லை.

அந்த ஈரத்தைக் காக்கக் கடல் கை கொடுக்கிறது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைப் பஞ்சு போன்ற இழைகளாக்கி, நீர் கசிகிற ரணத்தின்மேல் வைக்கிறார்கள். இழையிலுள்ள கால்சியமும் ரண நீரிலுள்ள சோடியமும் இடம் மாற, பஞ்சு வழுவழுப்பான கூழாகிவிடுகிறது! கட்டைப் பிரிக்கும்போது புதுத்தோல் பிய்வதில்லை, வலியும் குறைவு. தேனும் இப்படி ரணக் களிம்பாகியிருக்கிறது.

அதற்காக அடுக்களைத் தேனை எடுத்துப் பூசிவிடாதீர்கள்! மருந்துத் தேன் கிருமி நீக்கப்பட்டது. இன்னொன்று: நீரிழிவுக்காரர்களின் கால் புண் வலிக்காமலே வளரக்கூடும். அசட்டையாக இருந்தால் காலையே இழக்க நேரலாம். உங்களுக்கு நீரிழிவு உண்டா? இன்றிரவு படுக்குமுன் உள்ளங்காலை ஒரு தடவை பாருங்கள். சிறு புண்ணானாலும் சரி, நாளையே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்!