அறிவு எந்த வழியாக வருகிறது?

அறிவைப் பற்றிய இந்தியத் தத்துவ வாதம் பெரும்பாலும் ஒரு கணக்கில் தொடங்கும்: அறிவு வரும் வழிகள் எத்தனை? இவ்வழிகளை வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும் தமிழ் நூல்கள் அளவை என்றும் சொல்கின்றன. சார்வாகர் காட்சி ஒன்றையே ஏற்பர். பௌத்தரும் வைசேடிகரும் கருதலை, அதாவது அனுமானத்தை, சேர்த்து இரண்டு என்பர். சாங்கியருக்கு உரையோடு, அதாவது பிறர் சொல்லோடு, மூன்று; நியாயத்தாருக்கு உவமையோடு நான்கு. மீமாம்சையில் பிரபாகரர் வழியினர் அருத்தாபத்தியையும் சேர்ப்பர். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போனால் இரவில் உண்கிறான் என்று கொள்வது அது. குமாரில பட்டரின் வழியினரும் அத்வைதிகளும், தரையில் பானை இல்லை என்று அறிவதற்குத் தனி வழி வேண்டும் என்று ஆறாவதையும் வைத்தனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் இந்த எண் பத்து வரை போகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார், பலவாக எண்ணப்பட்டவற்றைக் காண்டல் (காட்சி), கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிட்டார்.

கிரேக்கத்தில் கேள்வி வேறு விதமாக எழுந்தது. பிளாட்டோவின் தியாட்டிட்டஸ் உரையாடல், அறிவு என்பதே என்ன என்று கேட்கிறது. உண்மையான கருத்தோடு தக்க விளக்கமும் சேர்ந்தால் அறிவு என்ற விடை அதில் ஆராயப்பட்டு, நிலைக்காமல் போகிறது. பின்வந்தவர்கள் அதைத்தான் சிறு மாற்றங்களோடு பிடித்துக்கொண்டார்கள். 1641இல் டேகார்ட் ஐயப்படக் கூடியதையெல்லாம் ஒதுக்கி உறுதியான ஒன்றைத் தேடினார். லாக் அனுபவமே அறிவின் ஊற்று என்றார். 1780களில் கான்ட், அனுபவம் இல்லாமல் அறிவு தொடங்காது, ஆனால் அறிவு முழுவதும் அனுபவத்திலிருந்து வந்ததல்ல என்று பகுத்தறிவையும் அனுபவத்தையும் இணைக்கப் பார்த்தார்.

கருதலில் இரு மரபும் ஒரே இடத்தில் இடறின. மலையில் புகை தெரிந்தால் தீ உண்டு என்பது நியாய நூல்களின் வழக்கமான எடுத்துக்காட்டு. அடுக்களையில் புகையும் தீயும் சேர்ந்திருக்கக் கண்டது அதற்குத் துணை. சார்வாகர் இதை மறித்தனர்: கண்ட அடுக்களைகளை வைத்து, காணாத மலைக்கும் காலத்துக்கும் விதி சொல்வது எப்படி? அந்த விதியைக் கருதலால் நிறுவப் போனால் அது வட்டமாகச் சுற்றும். 18ஆம் நூற்றாண்டில் ஹியூம் இதே முடிச்சைக் காட்டினார். நாளையும் நேற்றைப் போல இருக்கும் என்பதற்கு நேற்றைய அனுபவத்தைத் தவிரச் சான்றில்லை என்பது அவர் வாதம்.

உண்மையில் பிளவு பெரிதாவது உரையில்தான். பிறந்த தேதி, மருந்தின் குணம், தூர தேசத்தின் வரலாறு என்று ஒருவர் அறிந்ததில் பெரும்பகுதி பிறர் சொல்லி வந்தது. தியாட்டிட்டஸில் சாக்ரட்டீஸ், நேரில் பார்க்காத குற்றத்தைப் பற்றி வாதத் திறமையால் நம்பவைக்கப்பட்ட நீதிமன்ற நடுவர்களைக் காட்டுகிறார்: அவர்கள் சரியாகவே தீர்ப்பளித்தாலும் அவர்களிடம் இருப்பது உண்மையான கருத்துதான், அறிவல்ல. பிறர் கருத்துகள் நம் மூளையில் மிதப்பதால் நாம் அறிந்தவராகிவிட மாட்டோம் என்பது லாக்கின் நிலை. ஹியூமுக்குச் சாட்சியம் என்பது அனுபவத்தை வைத்து எடை போட வேண்டிய ஒன்று. 1764இல் தாமஸ் ரீட் இதை எதிர்த்தார். பிறர் சொல்லை நம்பும் இயல்பு மனிதனுக்கு உடன்பிறந்தது என்றார். அவர் குரலுக்கு நெடுங்காலம் ஆதரவு குறைவு.

நியாயத்தாரோ உரையைத் தனி அளவையாகவே வைத்தனர். பொருளை நேரே அறிந்தவன், அறிந்தபடியே சொல்ல விரும்புபவன் எவனோ அவன் ஆப்தன். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் வெளிப்படையாக எழுதினார். சாதியும் பிறப்பும் பெரிதாக நின்ற சமூகத்தில் இது துணிந்த வரி. மீமாம்சகர் இதற்கு நேர்மாறாக, வேதத்தைச் சொன்னவர் ஒருவருமே இல்லாததால்தான் அதில் பிழைக்கு இடமில்லை என்றனர். பௌத்தர் இரண்டையும் ஏற்கவில்லை. சொன்னவரின் நம்பகத்தைக் கொண்டு ஊகிப்பதால் உரையும் கருதலில் அடங்கும் என்றனர். அந்த வகையில் அவர்கள் ஹியூமுக்கு அருகில் நிற்கிறார்கள்.

அறிவின் வரையறைக்குத் திரும்பினால், 1963இல் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில், தக்க காரணத்தோடு கூடிய உண்மையான நம்பிக்கையும் தற்செயலாக உண்மையாகிவிடலாம், அப்போது அது அறிவாகாது என்று காட்டினார். 8ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மோத்தரரிடம் இதே வகை எடுத்துக்காட்டு இருக்கிறது. இறைச்சி சுடத் தீ மூட்டியிருக்கிறார்கள். புகை இன்னும் எழவில்லை. வாசனைக்கு மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து புகை என்று எண்ணிய ஒருவன், அங்கே தீ இருக்கிறது என்கிறான். சொன்னது உண்மை, ஆனால் அறிவல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர், மூடிய கையில் எத்தனை சோழி என்று குத்துமதிப்பாகச் சொல்லி அது சரியாகிவிடுபவனைக் காட்டி, அறிவுக்கு எந்த வரையறையும் நிற்காது என்ற எல்லைக்கே போனார்.

கெட்டியருக்குப் பதில் தேடியவர்களுள் ஆல்வின் கோல்ட்மன், 1967இல் நம்பிக்கைக்கும் அதை உண்மையாக்கும் நிகழ்வுக்கும் இடையே காரணத் தொடர்பு வேண்டும் என்றார். 1979இல், நம்பிக்கை தக்க காரணமுடையதாக இருக்க அது நம்பத்தக்க வழியில் பிறந்திருக்க வேண்டும் என்றார். உரையைப் பற்றி சி.ஏ.ஜே. கோடி 1992இல் தனி நூல் எழுதினார். அடுத்த இரண்டாண்டில் பிமல் கிருஷ்ண மதிலாலும் அரிந்தம் சக்ரவர்த்தியும் தொகுத்த நூலில் இந்திய, மேற்கத்தியத் தத்துவ அறிஞர்கள் இதே கேள்வியை ஒன்றாக எடுத்துப் பேசினார்கள்.