போகிக்குத் தூக்கிப் போடாதீங்க... பரணில் கிடக்கும் இலவச டிவிக்கு இன்னொரு வேலை இருக்கு!

விழுப்புரத்திலிருந்து செஞ்சி சாலைப் பக்கம் ஆறேழு கிலோமீட்டர் போனால் திருவாமாத்தூர். அபிராமேஸ்வரர் கோயிலால் பேர் பெற்ற ஊர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் ஒரு பொருள் தூசி படிந்து கிடக்கும். அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவிதான் அது.

தமிழகத்தில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது 2006 செப்டம்பரில். 2011-ல் ஆட்சி மாறி மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தது. அதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன. பிறகு எல்.இ.டி. டிவி சுவரில் ஏறியது, குண்டு டிவி பரணில் ஏறியது. ஒவ்வொரு போகிக்கும், 'அதைப் பழைய இரும்புக் கடையில போட்டுடலாமா?' என்ற பேச்சு வீட்டில் எழும்.

கொஞ்சம் பொறுங்கள். 80, 90-களின் வீடியோ கேம்களை அவை பிறந்த காலத்து உருவத்திலேயே விளையாட, உலகம் முழுக்க ரசிகர்கள் தேடி அலைவது இந்தக் குண்டு டிவியைத்தான்.

கேசட் போட்டு விளையாடிய காலம்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்று செல்போனில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தக் கையளவு இடத்தில்தான் 1985-ல் 'சூப்பர் மரியோ' ஓடினார், குதித்தார்.

அந்த அசல் பெட்டியை நம்மூரில் பார்த்தவர்கள் குறைவு. அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள்தான் 90-களில் இங்கே வந்து குவிந்தன. 'டேங்க்', 'கான்ட்ரா', 'ரோடு ஃபைட்டர்', 'சர்க்கஸ்' என்று இன்றைய அப்பாக்களும் சித்தப்பாக்களும் அடுக்கும் பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே போனால் ஒரு சில விளையாட்டுகளே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஏமாந்தது தெரிந்தும் யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருக்க முடியாது!

குண்டு டிவியில் என்ன விசேஷம்?

பழைய டிவியில் ஒரு மின்னணுக் கதிர், திரையின் மேலிருந்து கீழே வரி வரியாகப் படத்தை வரையும். விளையாட்டுப் பெட்டி அனுப்பும் சிக்னல் வந்த கணமே திரையில் ஒளிரும். எல்.இ.டி. டிவி அப்படி இல்லை. வரும் படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்குப் பிறகுதான் காட்டும். அதற்குச் சில பல மில்லி விநாடிகள் ஆகும்.

படம் பார்க்கும்போது இது தெரியாது. ஆனால், விநாடிக்கு 50 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படத்துக்கான நேரம் 20 மில்லி விநாடி. டிவி 60 மில்லி விநாடி தாமதித்தால், நீங்கள் பட்டனை அழுத்தி மூன்று படம் கழித்துத்தான் மரியோ குதிப்பதைப் பார்ப்பீர்கள். அதற்குள் அவர் பள்ளத்தில் விழுந்திருப்பார். 'எனக்கு வயசாயிடுச்சு, முன்ன மாதிரி விளையாட வரல' என்று வருந்தும் அப்பாக்கள் கவனிக்க... தப்பு டிவியிலும் இருக்கலாம்.

துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டு நினைவிருக்கிறதா? துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் முனையில் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் வாத்து விழும். குண்டு டிவியின் வேகத்தை நம்பிச் செய்த கருவி இது. எல்.இ.டி. டிவியில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து சிரித்துக்கொண்டே பறக்கும்.

எப்படி இணைப்பது?

முதலில் பரணிலிருந்து இறக்கும் வேலை. டிவியின் எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும். அதனால் திரை உங்கள் மார்புப் பக்கம் இருக்கும்படி பிடித்து, இரண்டு பேராக இறக்குங்கள். பல வருடம் ஓடாத டிவியை ஆன் செய்ததும் புகை, தீய்ந்த வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பின்பக்க மூடியை நீங்களே கழற்றவே கூடாது. படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். ஊரில் இன்னும் இருக்கும் டிவி மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிடுவதே நல்லது.

டிவியில் மஞ்சள், வெள்ளை நிறத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. பழைய விளையாட்டுப் பெட்டி கைவசம் இருந்தால் நேராகச் சொருகி, ரிமோட்டில் 'ஏ.வி.' அழுத்தினால் போதும். பெட்டியின் அடாப்டர் தொலைந்திருந்தால் கிடைத்ததைச் சொருகாதீர்கள். வோல்ட் அளவும், பிளஸ் மைனஸ் குறியும் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

பெட்டி இல்லையா? 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் 'ரெட்ரோபை' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அதுவே பழைய பெட்டியாக வேடம் கட்டும். ராஸ்பெர்ரி பை 4 வரை வந்த வழக்கமான பலகைகள் பலவற்றில் ஹெட்ஃபோன் துளை வழியாகவே பழைய டிவிக்குப் படம் எடுக்கலாம். 5-ல் அந்தத் துளை இல்லை. அதற்கு ஹெச்.டி.எம்.ஐ. சிக்னலை ஏ.வி.யாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரிந்தால், செட்டிங்கில் நம்மூர் டிவி முறையான 'பி.ஏ.எல்.' என்று மாற்றிப் பாருங்கள்.

குண்டு டிவியைக் கொடுத்துவிட்டவர்களும் கவலைப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு டிவியில் 'ரெட்ரோஆர்ச்' செயலியும் ஒரு ப்ளூடூத் ஜாய்ஸ்டிக்கும் போதும். டிவி செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டால் தாமதம் குறையும். படத்தின் அளவை 4:3 என்று வைத்தால் மரியோ குண்டாகத் தெரிய மாட்டார்.

ஊதாதீங்க!

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதி மறுபடி சொருகுவது அன்றைய கைவைத்தியம். உண்மையில் வாயின் ஈரம் பட்டு உலோக முனைகள் அரிக்கத் தொடங்கும். கேசட் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் ஊதியது அல்ல, கழற்றி மாட்டியதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முனைகளைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். பழசு என்பதாலேயே ஒரு விளையாட்டு இலவசமாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கம்ப்யூட்டர் நிரல்களுக்கும் பொருந்தும். கண்ட தளங்களில் இறக்குவதைவிட, பழைய பெட்டிகளுக்காகவே இன்றைய இளைஞர்கள் உருவாக்கி வெளியிடும் புது விளையாட்டுகளைத் தேடலாம். 2019-ல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' அப்படி ஒன்று.

டிவி பிழைக்கவே பிழைக்காது என்று மெக்கானிக் கைவிரித்தால்? அப்போதும் உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மையத்தில் ஒப்படைப்பதே சரி.

ரெண்டாவது ஜாய்ஸ்டிக்

செல்போனிலும்தான் ஆயிரம் கேம் இருக்கிறதே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். செல்போன் ஆளுக்கொன்று. இந்தப் பெட்டியிலோ இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே திரை. நடுவில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தாத்தாவுக்கும் இடம் உண்டு.

1988-ல் வீட்டுப் பெட்டிக்கு வந்த 'கான்ட்ரா'வில் அருவி ஏறும் கட்டம் ஒன்று வரும. ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய் உயிரை விடுவார். அண்ணன் தம்பி அடித்துக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திருவாமாத்தூரில் பொய் சொல்ல முடியாத வட்டப்பாறை ஒன்று உண்டு. பங்காளிச் சண்டைக்கும் அங்கே சத்தியம் வாங்குவது வழக்கம். 'நான் வேணும்னு ஏறலடா' என்று அதன் முன்னால் நின்று சொல்ல எந்த அண்ணனுக்கும் தைரியம் வராது!

அந்த அருவியைத் தாண்ட ஒரே வழிதான். மேலே இருப்பவர் நின்று, கீழே இருப்பவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொங்கல் விடுமுறையில் பரணிலிருந்து டிவியை இறக்கினால், மேலே நிற்கப்போவது உங்கள் மகளாக இருக்கலாம். 'சீக்கிரம் ஏறி வாப்பா' என்று அவள் அதட்டும்போது, ஊதாமல் ஓடும் அந்தக் கேசட்டுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்ளுங்கள்.