உலோகங்காண் கருவியில் குறை அதிர்வெண் அலையியற்றி

நிலத்தினுள் புதைந்த நீர்க்குழாயையோ வால்வு மூடியையோ தோண்டாமலேயே கண்டறிய வேண்டிய தேவை களப்பணியாளர்க்கு அடிக்கடி நேர்கிறது. கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ்ந்து மாறும் காந்தப்புலம் தோன்றுகிறது. அப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்ப, அவற்றின் எதிர்ப்புலத்தைக் கருவி உணர்கிறது. இம்முறை புதியதன்று. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவருடலில் தங்கிய குண்டை அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்தூண்டலைக் கொண்டே தேடினார். குண்டு அகப்படவில்லை; படுக்கையிலிருந்த எஃகுக் கம்பிகளும் கருவியைக் குழப்பின.

மண்ணும் அவ்வாறே குழப்பவல்லது. கட்ச் ராண் போன்ற உவர்நிலத்தில் ஈரமண் ஓரளவு மின்கடத்தியாகும். அதிர்வெண் உயர உயர மண்ணே பொய்க்குறி காட்டும். பள்ளம் தவறான இடத்தில் வெட்டப்பட்டு ஒரு நாள் உழைப்பு வீணாகும். ஆதலின் 10 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய குறை அதிர்வெண் விரும்பப்படுகிறது. மெல்லிய தகடும் சிறு துணுக்கும் இதற்கு எளிதில் புலப்படா. குழாய் தேடுவோர்க்கு அது பெரிய இழப்பன்று.

25 செ.மீ. விட்டமுள்ள மரச்சட்டத்தில் எனாமல் பூசிய செப்புக்கம்பியை 100 சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றினால் தூண்டுதிறன் ஏறத்தாழ 6 மில்லிஹென்றி ஆகும். கோல்பிட்ஸ் மின்சுற்றில் இச்சுருளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் இரண்டு தொடர்வரிசையில் இணைக்கப்படும். அவற்றின் கூட்டுப்பயன் 0.05 மைக்ரோபாரட், அலைவு ஏறத்தாழ 9.2 கிலோஹெர்ட்ஸில் நிகழும். அவை இணையும் நடுப்புள்ளியிலிருந்து டிரான்சிஸ்டரின் எமிட்டருக்குச் செல்லும் பின்னூட்டம் அலைவு ஓயாமல் காக்கிறது.

இங்கு அலைவைத் தோற்றுவிப்பது எளிது; அதனை நிலைபெறச் செய்வதே அரிது. டிரான்சிஸ்டரின் உள்மின்தேக்கம் வெப்பத்தால் மாறினும் பெரிய மின்தேக்கிகளின்முன் அது பொருட்டன்று. ஆனால் அம்மின்தேக்கிகளே மாறினால் பயனில்லை. மலிவான பீங்கான் வகை வெயிலில் மதிப்பு மாறும். பாலிபுரொப்பிலின் வகை ஏற்றது. கம்பிகள் அசையாதபடி சுருளை வார்னிஷில் தோய்த்து உலர்த்துதல் வேண்டும். கையோ ஈரப்புல்லோ நெருங்குவதால் நேரும் மாற்றத்தைத் தடுக்கச் சுருளின்மேல் அலுமினியத் தாள் சுற்றப்படும். தாளின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டால் தாளே மூடிய வளையமாகிப் புலத்தை விழுங்கிவிடும்.

இரு அலைவுகளின் வேறுபாட்டை ஒலியாகக் கேட்கும் பழைய முறை இங்குப் பொருந்தாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் 9.2 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஹெர்ட்ஸையும் எட்டாது. எனவே தனியாக ஓர் ஏற்புச்சுருள், செலுத்துசுருளின் புலம் அதில் எழுப்பும் மின்னழுத்தம் ஏறக்குறையச் சுழியாகுமாறு, ஓரளவு மேற்பொருந்தி வைக்கப்படும். உலோகம் நெருங்கின் அச்சமநிலை குலையும்.

வகுப்பில் காட்ட அலையியற்றி மட்டுமே போதும். அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டரை இணைத்துச் சுருளின்மேல் பித்தளைத் தட்டை வைத்தால் எண் ஏறும். வானொலிப் பெட்டியின் பெரைட் தண்டைச் சுருளின் நடுவே நிறுத்தினால் எண் இறங்கும். தட்டையான இரும்புத் தகடு சிலபோது பித்தளையைப் போலவே நடிக்கும். மாணவர் இதனைத் தாமே கண்டு வினவுவர்.